தளிர் கண்ட மாணாக்கர்

தொண்டை நாட்டின் வடபகுதியில், திருத்தணிகை மலைக்குத் தென்கிழக்கே, திருவாலங்காடு என்னும் பழம்பதி உள்ளது. ஆலமரங்கள் செறிந்த காடாக இருந்தமையால் அவ்வூர் இப்பெயர் பெற்றது. காரைக்காலம்மையார் இறைவன் திருவடிக்கீழ் இருந்து பாடிய தலம் அது. கூத்தப்பெருமானுக்குரிய ஐந்து சபைகளுள் இரத்தின சபை அங்கே விளங்குகின்றது. ஆல் என்றவுடன் தமிழர் நெஞ்சில் ஆசிரியர் ஒருவரின் வடிவமும் உடன் எழும். கல்லாலின் நிழலில் அமர்ந்து, முனிவர் நால்வர்க்கு வாய் திறவாமலே பொருள் உணர்த்திய தென்முகக் கடவுளின் வடிவமே அது. எந்தச் சிவன் கோயிலுக்குச் சென்றாலும் தெற்குச் சுவரில் அவ்வடிவத்தைக் காணலாம். ஆசிரியர் இருக்க மாளிகை எதற்கு? மரநிழல் ஒன்று போதும் என்று நம் முன்னோர் எண்ணினர் போலும்!

திருவாலங்காட்டைத் தன்னகத்தே கொண்ட திருத்தணி வட்டம் சில காலம் ஆந்திர நாட்டுச் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆட்சி எல்லை இங்ஙனம் மாறினும், தமிழ்க் கல்வியில் அப்பகுதி பெற்றிருந்த இடம் மாறவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் தணிகையில் தோன்றிய கச்சியப்ப முனிவர், சோழநாட்டுத் திருவாவடுதுறைத் திருமடத்தைச் சார்ந்து, சிவஞான முனிவரிடம் பாடங்கேட்டுத் தணிகைப் புராணம் முதலிய நூல்களை இயற்றினார். அவருடைய மாணாக்கர் திருத்தணிகைக் கந்தப்பையர். கந்தப்பையரின் மக்கள் விசாகப்பெருமாளையர், சரவணப்பெருமாளையர் என்னும் இருவரும் தமிழ் வல்லுநராய்ச் சென்னையில் விளங்கினர். முனிவரிடமிருந்து மாணாக்கருக்கும், அம்மாணாக்கரிடமிருந்து மக்களுக்கும் கல்வி இவ்வாறு இறங்கி வந்தது. ஆலமரத்தின் விழுது தரையைத் தொட்டு வேரூன்றித் தானே ஒரு மரமாவதைக் கண்டவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

கச்சியப்ப முனிவர் கற்ற அதே திருவாவடுதுறையில், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னர், ஆதீன வித்துவானாகத் திகழ்ந்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவருடைய வீட்டுத் தோட்டத்தைப் பற்றியும், அத்தோட்டத்தில் விடியற்காலையில் நின்ற மாணாக்கர் ஒருவரைப் பற்றியுமே இப்பாடம் கூறுகின்றது.

பிள்ளையவர்கள் 1815ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் பிறந்தார். தந்தையார் சிதம்பரம் பிள்ளை சிற்றூரில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர். தம் மகனுக்கும் அவரே முதலாசிரியர். பதினைந்து வயதளவில் தந்தையாரை இழந்த பிள்ளையவர்களுக்கு வறுமையே உடைமையாக எஞ்சியது. ஆயினும் கற்கும் வேட்கை குன்றவில்லை. எவரிடம் எந்நூல் உளது, எவர் எந்நூலைப் பாடஞ்சொல்ல வல்லவர் என்று உசாவி, அவர்பால் சென்று கற்று வந்தார். அணியிலக்கணம் கூறும் தண்டியலங்காரத்தைக் கற்பிப்பார் அருகே ஒருவரும் கிடைக்கவில்லை. வீடுதோறும் பிச்சை ஏற்றுண்டு திரிந்த பரதேசி ஒருவர் அந்நூலில் வல்லவர் எனக் கேள்வியுற்றார். அப்பரதேசி எளிதில் இணங்குபவர் அல்லர். பிள்ளையவர்கள் அவர் சென்ற தெருக்களிலெல்லாம் உடன் சென்று, அவர் வேண்டியவற்றைத் தேடிக் கொடுத்து, அவர் மனம் கனிந்திருந்த நேரம் பார்த்துச் சிறிது சிறிதாக அந்நூலைக் கேட்டு முடித்தார். ஆசிரியருடைய மனநிலை அறிந்து அணுகும் கலையைப் பிள்ளையவர்கள் இளமையிலேயே தாமும் பயின்றவர் என்பதை இங்கே நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் இது பயன்படும்.

காலம் செல்லச் செல்ல அவருடைய புலமை நாடெங்கும் பரவியது. இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களை அவர் இயற்றினார். அவர் வாயினாற் சொல்லிக்கொண்டே செல்ல, ஏட்டில் எழுதுவோர் கை ஓயும் என்பர். அவரிடம் பயின்றவர்களுள் பல குலத்தினரும் பல சமயத்தினரும் இருந்தனர். சைவராகிய தியாகராச செட்டியாரும், கிறித்தவராகிய சவேரிநாத பிள்ளையும், நாகூரைச் சேர்ந்த இசுலாமியராகிய குலாம் காதிறு நாவலரும் அவருடைய மாணாக்கர்களே. கற்க வருவோரிடம் அவர் பொருள் கேட்டதில்லை. தம்மிடம் இருக்கும்போது அவர்களுக்குச் சோறும் இட்டார். இல்லாதபோது கடன் வாங்கி இட்டார். கொடைக்கும் கணக்குக்கும் அவர் வாழ்வில் என்றும் உறவு இருந்ததில்லை.

இத்தகைய ஆசிரியரிடம் 1871ஆம் ஆண்டு வேனிற் காலத்தில், உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் என்னும் இசைவாணர் தம் மகனை அழைத்துக்கொண்டு மாயூரத்துக்கு வந்தார். மாயூரம் என்பது 1982 முதல் மயிலாடுதுறை என வழங்கும் ஊரேயாகும். மகனுக்கு அப்போது பதினாறு வயது நிறைந்து பதினேழாம் வயது நடந்துகொண்டிருந்தது. அக்கால வழக்கப்படி 1868இலேயே திருமணமும் நடந்துவிட்டது. அத்திருமணத்தால் தந்தையார்க்கு நேர்ந்த செலவும், குடும்பம் ஊர் ஊராக இடம் பெயர்ந்து வாழ்ந்த நிலையும் சேர்ந்து, மேற்கொண்டு கல்வி என்பது எட்டாத கனியாய்த் தோன்றியது. அரியிலூரிலும் குன்னத்திலும் கார்குடியிலும் செங்கணத்திலும் கிடைத்த ஆசிரியர்களிடம் அவர் தமிழ் கற்றிருந்தார். செங்கணத்து விருத்தாசல ரெட்டியாரோ, தம்மிடம் கற்பதற்கு மேல் கற்க வேண்டுமாயின் பிள்ளையவர்களிடமே செல்லவேண்டும் என்று பெருந்தன்மையுடன் வழிகாட்டினார். மாணாக்கனைத் தம்மிடமே வைத்துக்கொள்ள எண்ணாமல் தம்மினும் பெரியவரிடம் அனுப்பும் ஆசிரியர் அரியர். அவர் பெயர் மறக்கற்பாலதன்று.

வந்தவரைக் கண்ட பிள்ளையவர்கள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. இளைஞரைச் சில செய்யுட்கள் சொல்லச் செய்து கேட்டார், மகிழ்ச்சியும் கொண்டார். எனினும் தயங்கினார். தம்மிடம் பலர் வருவதும், சில காலம் கற்றுப் பழகி அன்பு முதிர்ந்த நிலையில் பிரிந்து போய்விடுவதும், அப்பிரிவு தம்மை வருத்துவதும் அவர் சொன்ன காரணங்கள். இக்காலத்தில் ஓர் ஆசிரியர் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானவரை வகுப்பேற்றி அனுப்பிவிட்டு, அடுத்த ஆண்டு புதியவரை எதிர்நோக்குகின்றார். அதனால் பிள்ளையவர்களின் தயக்கம் நமக்கு விளங்குவது சிறிது அரிது. அக்காலத்து மாணாக்கர் ஆசிரியர் வீட்டில் ஒருவராய் வாழ்ந்தவர். அவர் பிரிவு மகன் பிரிவுக்கு ஒப்பானது. இளைஞர்க்குரிய உணவுக்கு ஏற்பாடு செய்வதும் மாயூரத்தில் அவர்க்கு இயலாதிருந்தது. தந்தையாராகிய வேங்கடசுப்பையர், தம் நிலை தளர்ந்திருந்தும், உணவுச் செலவைத் தாமே ஏற்பதாகக் கூறினார். அதன் பிறகே இளைஞர் மாணாக்கர் கூட்டத்தில் சேர்ந்தார். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் சாமா என்று அழைப்பர். அது சாமிநாதன் என்பதன் குறுக்கம் என அறிந்த பிள்ளையவர்கள், சாமிநாதன் என்றே அழைக்கலானார். பின்னாளில் உலகம் டாக்டர் உ. வே. சாமிநாதையர் எனப் போற்றியது இப்பெயராலேயாம். குழந்தை பிறந்த சின்னாளில் வீட்டார் கூடிப் பெயரிடுவது ஒரு மங்கல நிகழ்ச்சி. பதினேழாம் வயதில் ஆசிரியர் வாய்ச்சொல்லால் நிகழ்ந்த இதுவும் அதற்குக் குறைந்ததன்று.

சேர்ந்துவிட்டாரே யொழிய, விரும்பிய பேறு உடனே வாய்க்கவில்லை. பிள்ளையவர்களுக்கோ ஓயாத வேலை. புராணம் இயற்றுவதும், காண வருவோரோடு அளவளாவுவதும், முன்பே படித்து வந்தவர்க்குப் பாடஞ்சொல்வதுமாகப் பகல் கழிந்துவிடும். புதியவர்க்குப் பாடஞ்சொல்லும் பொறுப்பு மூத்த மாணாக்கராகிய சவேரிநாத பிள்ளையிடம் விடப்பட்டது. அவர் அன்புடனேதான் கற்பித்தார். ஆனாலும், பெருங்கடலைக் காண வந்தவன் வாய்க்காலில் நீராடி மனநிறைவு கொள்ளுதல் எங்ஙனம்? தந்தையார் கடன்பட்டுச் சோறிட, நாள்கள் கழிந்துகொண்டிருந்தன. ஆசிரியரோ ஒரே கூரையின்கீழ் இருந்தும் தொலைவில் இருந்தார். நேரே சென்று கேட்க நாணமும் அச்சமும் தடுத்தன. கேளாமலிருந்தாலோ, சில காலம் இருந்து பிரிந்தவர்களுள் தாமும் ஒருவராகிவிட நேரும்.

மாயூரத்தில் பிள்ளையவர்கள் இருந்த வீட்டின் பின்புறத்தில் தோட்டம் ஒன்று இருந்தது. மரஞ்செடிகளிடத்து அவருக்குப் பெருவிருப்பு. விதையிட்டு முளைப்பித்துப் பல்லாண்டு காத்திருக்க அவர் மனம் பொறுக்கவில்லை போலும். வேறிடங்களில் ஓரளவு வளர்ந்த மரங்களை வேரோடும் வேரைப் பற்றிய மண்ணோடும் பெயர்த்து வரச் செய்து தம் தோட்டத்தில் நடுவித்தார். இஃது எளிய செயலன்று. தோட்ட வேலையிற் பழகியவர் இதன் இடர்ப்பாட்டை நன்கு அறிவர். மரம் நீரை உறிஞ்சுவது தடித்த வேர்களால் அன்று. அவற்றின் நுனியில் மயிரிழைபோல் பரந்த சிறு தூவிகளாலேயாம். எவ்வளவு கருத்தோடு தோண்டினும் அத்தூவிகளிற் பெரும்பகுதி பழைய இடத்திலேயே அறுபட்டு நின்றுவிடும். மேலே இலைகளோ வெயிலில் நீரை ஆவியாக விட்டுக்கொண்டேயிருக்கும். வரவு குறைந்து செலவு குறையாத குடும்பம் போல மரம் வாடத் தொடங்கும். அதனாலன்றோ பெயர்த்து நடுவோர் கிளைகளிற் சிலவற்றைக் கழித்துவிடுவதும், வேர்மண் உதிராமல் வைக்கோலோ சாக்கோ சுற்றிக் கட்டுவதும், மாலையிலே நடுவதும், அடியில் ஈரம் காயாமல் சருகு பரப்புவதும் வழக்கமாயின!

நட்டபின் சில நாள் மரம் ஒன்றும் சொல்லாது நிற்கும். இருந்த இலைகளும் பழுத்து உதிரும். அது பிழைத்ததா பட்டதா என அறிதற்கு ஒரே அடையாளம் தளிர். கணுவிலே ஒரு சிறு புடைப்பு, அதன் நுனியிலே செம்மையோ இளம்பச்சையோ கலந்த ஒரு துளி நிறம், அவ்வளவே. அதைக் காண்பதற்குக் கூரிய கண்ணும் பொறுமையும் வேண்டும். அனுபவமுள்ள தோட்டக்காரர் முதல் தளிரைக் கண்டவுடன் முழுதும் மகிழ்ந்துவிடுவதுமில்லை. தண்டில் முன்பே சேமித்து வைத்த உணவைக் கொண்டு மரம் ஒருமுறை தளிர்த்துவிட்டு, வேர் பற்றாமையாற் பின்னர்க் கருகுதலும் உண்டு. தளிர் இலையாகி, அதன்மேல் மறுமுறையும் தளிர் தோன்றிய பின்னரே மரம் வேரூன்றியது எனத் துணிவர்.

பிள்ளையவர்கள் நாள்தோறும் விடியற்காலையில் எழுந்து தோட்டத்துக்குச் சென்று, ஒவ்வொரு மரமாக நின்று நோக்குவார். எங்கேனும் தளிர் தோன்றியுள்ளதா என்று கிளை கிளையாகத் தேடுவார். கண்டால் குழந்தை போல் மகிழ்வார். ஒன்று பட்டுப்போயின் வருந்துவார். நூற்றுக்கணக்கான செய்யுட்களை ஒரே நாளில் இயற்ற வல்ல பெரும்புலவர், ஒரு மாங்கன்றின் கணுவை உற்று நோக்கியபடி நிற்கும் காட்சியை நாம் மனக்கண்ணில் காணலாம்.

இதனைச் சாமிநாதர் கண்டார். மற்றை மாணாக்கர் கண்டும் காணாது விட்டதை அவர் கருத்தில் வாங்கிக்கொண்டார். ஆசிரியர் எழுவதற்கு முன்னரே தாம் எழுந்து, இருள் பிரியும் நேரத்தில் தோட்டத்துக்குச் சென்று, எந்த மரத்தின் எக்கிளையில் புதிய தளிர் எழுந்துள்ளது என்று முன்னதாகவே பார்த்து வைத்துக்கொள்வார். பின்னர் ஆசிரியர் வந்து தேடத் தொடங்கும்போது, அருகே சென்று, இங்கே ஒன்று, அங்கே ஒன்று எனக் காட்டுவார். தாம் தேடியது தேடுமுன் கிடைத்தால் யாருக்குத்தான் மகிழ்ச்சி உண்டாகாது? முதல் நாள் காட்டியபோது ஆசிரியர் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியே மறுநாளும் அவரை விடியுமுன் எழுப்பியது. இப்படியே பல நாள் நடந்தது. சிறிது சிறிதாகத் தளிரைப் பற்றிய பேச்சு மற்றைச் செய்திகளிலும் பரவியது. ஆசிரியர் அவருடைய படிப்பைப் பற்றி உசாவினார். தக்க நேரம் அறிந்து, தமக்கு ஆசிரியர் வாயினாலேயே பாடங்கேட்க வேண்டும் என்றுள்ள வேட்கையை அவர் பணிவுடன் வெளியிட்டார். பிள்ளையவர்கள் இசைந்தார். தோட்டத்தில் தளிர் பார்த்த காலை நேரமே பாடங்கேட்கும் நேரமும் ஆயிற்று. அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் ஒன்றன்பின் ஒன்றாய் நிகழ்ந்தன.

இதனை ஒரு தந்திரம் என்று சிலர் கருதக்கூடும். அப்படிக் கருதுவோர்க்குத் தண்டியலங்காரத்தின் பொருட்டுப் பரதேசியின் பின்னே தெருத்தெருவாய்ச் சென்ற இளைஞரை நினைவூட்டலாம். அவ்விளைஞர்தாமே இப்போது தோட்டத்தில் தளிர் தேடும் முதியவர்? தம்மிடம் வந்த மாணாக்கர் செய்வது இன்னது என்று அவர் உணராமலிருந்திருப்பார் என நம்புவதற்கில்லை. தளிரைத் தேடிக் காட்டுவதற்கு மரங்களை நன்கு நோக்க வேண்டும். நாள்தோறும் நோக்க வேண்டும். நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள சிறு வேறுபாட்டை அறிய வேண்டும். ஏட்டுச்சுவடிகளில் ஓரெழுத்துக்கும் மற்றோரெழுத்துக்கும் உள்ள வேறுபாட்டை நோக்கிப் பின்னாளில் பல்லாண்டு உழைக்கவிருந்த கண்களுக்கு இது தக்க பயிற்சியாகவே அமைந்தது.

பிள்ளையவர்கள் மாணாக்கரைச் சினந்து பேசுபவர் அல்லர். ஆயினும் ஒரு செய்தியில் அவர் விருப்பு வெறுப்பு வெளிப்பட்டது. அப்போது மாயூரத்தில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்து வந்தார். தந்தையாரின் விருப்பப்படி சாமிநாதர் அவரிடம் இசை கற்கச் சென்றார். இதனை அறிந்த பிள்ளையவர்கள், இசையில் மனம் சென்றால் இலக்கிய இலக்கண அறிவு விருத்தியாகாது என்னும் கருத்துடையவராதலின் மகிழவில்லை. மாணாக்கர் இசைப்பயிற்சியை நிறுத்திவிட்டார். இசையும் தமிழே எனக் கொள்ளும் நாம் இம்முடிவுக்கு எளிதில் உடன்பட இயலாது. கிளை கழித்தால்தான் மரம் பிழைக்கும் என்ற தோட்டக்காரரின் துணிவு அவருக்கு இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

பிள்ளையவர்களின் இல்லத்தில் மங்கல நிகழ்ச்சிகள் சிறப்பாகவே நடைபெற்றன. சிறப்பின் அளவிற்குக் கடனும் ஏறியது. தம் தந்தையாரின் பெயரையே மகனுக்கு இட்டிருந்தார். அச்சிதம்பரம் பிள்ளையின் திருமணத்தை, தம் வருவாயை எண்ணாமல் உள்ளத்தின் அளவுக்கு நடத்தினார். வந்தோர் வாழ்த்திச் சென்றனர். கடன் கொடுத்தோர் மட்டும் மறவாமல் மீண்டும் மீண்டும் வந்தனர். முதுமையில், ஓய்ந்திருக்க வேண்டிய காலத்தில், கடன் தீர்க்கும் வழி தேடி ஊர் ஊராகச் சென்று புராணம் பாட வேண்டிய நிலை நேர்ந்தது. திருமணத்தில் ஆரவாரம் தவிர்க்க வேண்டும் என்று இக்காலத்தார் எத்தனையோ முறை கூறுகின்றனர். அக்காலத்துப் பேரறிஞராலும் அதனைத் தவிர்க்க முடியவில்லை.

1876ஆம் ஆண்டு பிப்பிரவரி முதல் நாள், திருவாவடுதுறையில், தம் அறுபத்தோராம் வயதில் பிள்ளையவர்கள் இறைவனடி சேர்ந்தார். இறுதி நேரத்தில் அவரைத் தம் மார்பிற் சாய்த்துத் தாங்கியிருந்தவர் சவேரிநாத பிள்ளை. அருகே இருந்து திருவாசகம் படித்தவர் சாமிநாதர். தொடக்கத்தில் பிரிவை அஞ்சி ஏற்கத் தயங்கிய ஆசிரியரை அம்மாணாக்கர் பிரியவில்லை, ஆசிரியரே பிரிந்தார்.

அதன்பின் திருமடத்துத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவரை ஆதரித்துத் தாமும் பாடஞ்சொன்னார். 1880ஆம் ஆண்டில், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, தம் இடத்துக்குச் சாமிநாதையரே தக்கவர் என முயன்று அவரை அமர்த்தினார். தம் ஆசிரியர்க்குத் தாம் பட்ட கடனை அவ்வாசிரியரின் இளைய மாணாக்கர் வாயிலாகச் செட்டியார் தீர்த்தார் எனலாம். ஐயரும் இதனை மறந்தாரல்லர். பிற்காலத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்துக்குத் தியாகராச விலாசம் என்றே பெயரிட்டார்.

கல்லூரியில் பகலெல்லாம் பாடஞ்சொல்லி, இரவில் ஏடுகளை ஒப்பு நோக்கி, அவர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1889இல் பத்துப்பாட்டையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும், 1898இல் மணிமேகலையையும் பதிப்பித்தார். பட்டுப்போயின என்று நாட்டார் கைவிட்டிருந்த நூல்கள் அவை. 1903 முதல் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியிலும் அவர் ஆசிரியராயிருந்தார். தம் ஆசிரியரின் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக எழுதி வெளியிட்டபோது அவருக்கு வயது எண்பதை அணுகிவிட்டது. அதற்கும் பின்னர், 1940 முதல் ஆனந்த விகடன் வார இதழில் தம் வரலாற்றைத் தாமே எழுதி வந்தார். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அவர் மறையவே, அது முற்றுப்பெறாது நின்றது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் மாயூரத்துத் தோட்டத்தில், விடியலின் மங்கிய ஒளியில் தளிர் தேடிய அக்காலை வேளைகளை அந்நூலில் அவர் ஒன்றும் விடாமல் விரித்து எழுதியிருக்கின்றார்.